கூடப் போனவர்கள் எங்கே?

ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ‘ஒடிசி’ பற்றிப் பேசி முடித்திருந்தேன். ஒற்றைக்கண் அரக்கன், ஆட்களைப் பன்றியாக்கும் சூனியக்காரி, பாடியே கொல்லும் பெண்கள் என்று கதைகளை நன்றாகவே சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி. கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள். “கப்பல்ல கூடப் போன ஆளுங்க ஒருத்தர் விடாம செத்துட்டாங்க. இவரு மட்டும் வீடு வந்து சேர்ந்தாரு. அப்புறம் எப்படிண்ணே இவரு ஹீரோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீடுவரை வந்துவிட்டது. ஹோமரை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் அது புதிய கேள்வியே இல்லை என்று தெரிந்தது. ‘ஒடிசி’யின் கடைசிக் காண்டத்தில், இத்தாக்காவின் ஊர்ச்சபையில், ஒரு கிழவர் கண்ணீரோடு எழுந்து கேட்பதும் இதைத்தான். கிரேக்கத் தொன்மங்கள் ஒரு தலைவனை எந்தக் கோலால் அளக்கின்றன என்பது அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் ‘ஹீரோ’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சினிமா சுவரொட்டியில் ஏறி நம்மிடம் வந்த சொல் அது. நமக்கு ஹீரோ என்றால் நல்லவன், ஜெயிப்பவன். கிரேக்கர்களுக்கு அப்படி இல்லை. ஹோமரில் அது அந்தப் பழைய தலைமுறை ஆண்களுக்கான ஒரு மரியாதைச் சொல். விருந்தில் பாட்டுப் பாடும் குருட்டுப் பாடகன் டெமோடோகஸைக்கூட ஹோமர் அப்படித்தான் அழைக்கிறார். பிற்காலத்தில் அது ஒரு வழிபாட்டுச் சொல்லாகவும் ஆனது. செத்த பிறகும் சக்தி குறையாத ஒருவன், அவனுக்கென்று ஒரு கல்லறை, ஆண்டுதோறும் பலி. அவன்தான் ஹீரோ.

அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அஸ்டிபலாயா தீவைச் சேர்ந்த கிளியோமிடிஸ் என்ற குத்துச்சண்டை வீரனின் கதையைப் பயண எழுத்தாளர் பாசனியாஸ் சொல்கிறார். ஒலிம்பியாவில் எதிராளியை அவன் அடித்தே கொன்றுவிட்டான். வெற்றியை அவனுக்குத் தர மறுத்துவிட்டார்கள். புத்தி கலங்கி ஊர் திரும்பியவன் பள்ளிக்கூடம் ஒன்றின் தூணைப் பிடுங்க, கூரை இடிந்து உள்ளே இருந்த 60 பிள்ளைகள்மேல் விழுந்தது. ஊரார் கல்லெடுத்துத் துரத்த, அவன் அதீனா கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் ஒளிந்துகொண்டான். பெட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை. ஊரார் டெல்பியில் குறி கேட்டார்கள். ஹீரோக்களில் கடைசியானவன் அவன், பலியிட்டு வணங்குங்கள் என்று பதில் வந்தது.

படிக்கும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் ஒன்று புரிகிறது. ‘ஹீரோ’ என்பது ஒருவனுடைய அளவைச் சொல்லும் சொல். மனித அளவை மீறியவன் என்று பொருள். அவனுடைய குணத்துக்கு அந்தச் சொல் பொறுப்பேற்பதில்லை.

தலைவனுக்கு ஹோமர் வைத்திருக்கும் சொல் வேறு. அவனை மக்களின் மேய்ப்பன் என்கிறார். அகமெம்னான், நெஸ்டர், ஹெக்டர் என்று கிரேக்கப் பக்கம், டிராய் பக்கம் என்ற பேதமில்லாமல் பல தலைவர்களுக்கும் இந்த அடைமொழி வருகிறது. இங்கே ‘மக்கள்’ என்பதற்கான கிரேக்கச் சொல் ‘லாஓஸ்’. ஊர் மக்களும் அதுதான், போருக்குக் கூட்டிச் சென்ற படையும் அதுதான். ஒருவனை நம்பிப் பின்னால் வருகிறவர்கள் என்று புரிந்துகொள்ளலாம். மேய்ப்பனை அவன் அணிந்திருக்கும் சட்டையை வைத்து யாரும் மதிப்பிடுவதில்லை. சாயங்காலம் பட்டிக்கு எத்தனை ஆடு திரும்பியது என்று எண்ணுவார்கள். ஹோமரின் இரண்டு காவியங்களும் இப்படி எண்ணிப் பார்ப்பவைதான்.

தலைவனுக்கும் அவன் பின்னால் வருபவர்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தை ‘இலியட்’டின் 12ஆம் காண்டத்தில் சார்பிடன் வெளிப்படையாகவே பேசுகிறான். டிராய்க்குத் துணையாக வந்த லிசிய நாட்டரசன் அவன். சீயஸின் மகன். கிரேக்கர்களின் மதிலைத் தாக்கும் முன் நண்பன் கிளாக்கஸிடம் கேட்கிறான்: ஊரில் நமக்கு ஏன் முதல் இருக்கை, நல்ல கறி, நிறைந்த கோப்பை? ஆற்றங்கரையில் நல்ல நிலத்தை ஏன் நமக்கு ஒதுக்கினார்கள்? முன்வரிசையில் நிற்பதற்காகத்தான். நம் அரசர்கள் சும்மா தின்னவில்லை என்று நம் ஆட்கள் சொல்ல வேண்டாமா?

பிறகு இன்னும் ஆழமாகப் போகிறான். இந்தப் போரைத் தப்பித்தால் சாவே வராது என்றால் நானும் முன்னால் நிற்கமாட்டேன், உன்னையும் நிற்கச் சொல்லமாட்டேன். எப்படியும் வரப்போகிற சாவு, வா போகலாம் என்கிறான். இதில் தேசம், தர்மம், வரலாறு என்ற பெரிய பேச்சு எதுவும் இல்லை. ‘தின்ன சோற்றுக்கு வேலை செய்யணும்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த நியாயம்தான். நான்கு காண்டம் கழித்து அவன் பட்ரோக்ளஸின் ஈட்டிக்குச் சாகிறான். மகனைக் காப்பாற்ற முடியாத சீயஸ் பூமியில் ரத்த மழை பெய்விக்கிறார். சார்பிடன் வாங்கியதற்கு விலை கொடுத்துவிட்டான். கணக்கு நேர்.

கணக்கு நேராகாத தலைவன் அகமெம்னான். மற்ற எவரையும்விட அதிகமாக 100 கப்பலோடு வந்தவன். ஆனால் ‘இலியட்’ தொடங்கும்போதே அவனால் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பல்லோவின் பூசாரி கிரைசஸ் தன் மகளை மீட்கப் பணயப்பொருளோடு வந்தபோது இவன் அவமானப்படுத்தி விரட்டினான். பூசாரியின் வேண்டுதலைக் கேட்ட அப்பல்லோ ஒன்பது நாள் கொள்ளைநோயை அம்புகளாக எய்தார். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், பிறகு மனிதர்கள். பத்தாம் நாள் சபையைக் கூட்டுவது தலைவன் இல்லை, அக்கிலிஸ். அங்கே அகமெம்னான் சொல்வதைக் கவனிக்க வேண்டும். மக்கள் அழிவதைவிட நலமாக இருப்பதையே தான் விரும்புவதாகச் சொல்கிறான். தலைவன் பேச வேண்டிய பேச்சுதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, பூசாரியின் மகளைத் திருப்பித் தந்தால் தனக்கு ஈடாக வேறு பரிசு வேண்டும் என்கிறான். கடைசியில் அக்கிலிஸுக்கு உரிய பிரிசெய்ஸைப் பறித்துக்கொள்கிறான். மக்களையே தின்கிற அரசன் என்று அக்கிலிஸ் அவனை முகத்துக்கு நேராகத் திட்டுகிறான். மேய்ப்பன் ஆட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

இதையே அடுத்த காண்டத்தில் தெர்சிட்டஸ் என்ற சாதாரண ஆள் சபையில் சொல்கிறான். உன் கூடாரம் வெண்கலத்தாலும் பெண்களாலும் நிறைந்து கிடக்கிறது, இன்னும் என்ன வேண்டும், நாமெல்லாம் ஊருக்குப் போவோம், நம் உதவி எவ்வளவு என்று இவனுக்குத் தெரியட்டும் என்கிறான். ஒடிசியஸ் செங்கோலை எடுத்து அவன் முதுகிலேயே போடுகிறான். ரத்தம் கட்டி வீங்கிவிடுகிறது. அவன் அழ, படையினர் சிரிக்கிறார்கள். படைக்கு வந்தவர்களிலேயே அசிங்கமானவன், கால் ஊனம், கூனல், தலையில் கொஞ்சமே முடி என்று ஹோமரும் அவனை அலங்கோலமாகத்தான் வர்ணிக்கிறார். ஆனால் அவன் சொன்னதும் அக்கிலிஸ் சொன்னதும் ஒன்றுதானே? பெரிய இடத்துப் பிள்ளை சொன்னால் கோபம், சாதாரண ஆள் சொன்னால் கலகம். அடி வாங்கினாலும் அந்தப் பேச்சு காவியத்திலிருந்து அழிந்துபோகவில்லை. ஹோமர் அதை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹெக்டரின் கதை இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அவன் நல்லவன். மனைவியிடம் கனிவாகப் பேசுகிறவன், குழந்தை தன் தலைக்கவசத்தைப் பார்த்து பயந்தால் கழற்றிவைத்துவிட்டுத் தூக்கிக் கொஞ்சுகிறவன். ஆனால் 18ஆம் காண்டத்தில் பொலிடமஸ் நல்ல யோசனை ஒன்று சொல்கிறான். அக்கிலிஸ் மறுபடி போருக்கு வரப்போகிறான், ராத்திரியோடு ராத்திரியாக மதிலுக்குள் போய்விடுவோம் என்கிறான். அன்றைய வெற்றியின் போதையில் ஹெக்டர் மறுக்கிறான். வெட்டவெளியிலேயே நிற்போம் என்கிறான். படை ஆரவாரம் செய்கிறது. முட்டாள்கள் என்கிறார் ஹோமர். கெட்ட யோசனைக்குக் கைதட்டினார்கள், நல்ல யோசனையை ஒருவரும் பாராட்டவில்லை என்கிறார். (இதைப் படிக்கும்போது ஏதாவது ஒரு தேர்தல் கூட்டம் நினைவுக்கு வந்தால் அது உங்கள் பாடு.)

மறுநாள் படை சிதறுகிறது. உயிர் தப்பியவர்கள் எல்லாரும் மதிலுக்குள் ஓடிவிட, ஹெக்டர் மட்டும் வாசலில் நிற்கிறான். மேலேயிருந்து அப்பாவும் அம்மாவும் உள்ளே வரச்சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவன் ஏன் போகவில்லை? வீரம் என்று பள்ளிப் பாடம் சொல்லும். ஹோமர் அவன் மனசுக்குள் போய்க் காட்டுவது வேறு. உள்ளே போனால் பொலிடமஸ்தான் முதலில் குறை சொல்வான். என் பிடிவாதத்தால் மக்களை அழித்துவிட்டேன். என்னைவிடத் தாழ்ந்த எவனாவது ஒருவன், ஹெக்டர் தன் பலத்தை நம்பி மக்களைத் தொலைத்தான் என்று சொல்லிவிடுவானே என்ற வெட்கம். தலைவனாகத் தான் தோற்றுவிட்டதை அவன் ஒத்துக்கொள்கிறான். அந்தக் கடனை உயிரால் அடைக்கப் பார்க்கிறான்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த நேரத்தில் டிராய்க்குத் தேவைப்பட்டது உயிரோடிருக்கும் ஹெக்டர். தந்தை பிரியம் அதைத்தான் சொல்லிக் கெஞ்சுகிறார்: ஊரைக் காப்பாற்ற உள்ளே வா. வெட்கம் அவனைப் பெரிய ஹீரோவாக்குகிறது. அதே வெட்கம் ஊரைக் காவலன் இல்லாமல் விட்டுவிடுகிறது. தப்பை ஒத்துக்கொண்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு, மறுநாளும் வேலைக்கு வருவது, சாவதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஒடிசியஸ் டிராய்க்குக் கொண்டுபோனது 12 கப்பல்கள். திரும்பும் வழியில் முதல் சண்டை கிகோனியர்களோடு. கொள்ளையடித்ததும் கிளம்பலாம் என்று ஒடிசியஸ் சொல்ல, ஆட்கள் கேட்கவில்லை. கப்பலுக்கு ஆறு பேர் வீதம் 72 பேர் காலி. இது அவர்கள் தப்பு. அடுத்து ஒற்றைக்கண்ணன் பாலிபீமஸின் குகை. பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஆட்கள் கெஞ்சுகிறார்கள். விருந்தாளிக்கு அவன் என்ன பரிசு தருவான் என்று பார்க்க ஒடிசியஸ் நிற்கிறான். ஆறு பேரை அரக்கன் தின்கிறான். தப்பித்துக் கப்பலேறிய பிறகாவது சும்மா இருந்தானா? வேண்டாம் வேண்டாம் என்று ஆட்கள் தடுக்கத் தடுக்க, உன் கண்ணைக் குத்தியது நான்தான் என்று பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் கத்திச் சொல்கிறான். சாபம் போட அரக்கனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

பிறகு காற்றுகளின் பை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சுக்கானை யாரிடமும் கொடுக்காமல் தானே பிடித்துவந்து, பத்தாம் நாள் சொந்த ஊர் கண்ணில் படும்போது தூங்கிவிடுகிறான். உள்ளே பொன் இருக்கும் என்று ஆட்கள் பையை அவிழ்க்க, காற்று எல்லாரையும் திருப்பி அடித்துக்கொண்டு போகிறது. அடுத்தது லெஸ்ட்ரிகோனியர்களின் துறைமுகம். மற்ற 11 கப்பல்களும் துறைமுகத்துக்குள்ளே நெருக்கமாக நிற்க, ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே பாறையில் கட்டுகிறான். ராட்சசர்கள் மேலிருந்து பாறைகளை வீச, உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லாதது ஏன் என்று ஹோமர் விளக்கவில்லை.

ஆறு தலை அரக்கி ஸ்கில்லாவைப் பற்றி அவனுக்கு முன்பே தெரியும். ஆட்கள் பயந்து துடுப்பை விட்டுவிடுவார்கள் என்று சொல்லாமல் மறைக்கிறான். ஆறு பேரை அவள் தூக்கும்போது அவர்கள் கடைசியாக அலறியது ஒடிசியஸின் பெயரை. கடலில் தான் பட்டதிலேயே மிகவும் பரிதாபமான காட்சி அது என்று அவனே சொல்கிறான். கடைசியில் சூரியதேவன் ஹீலியோஸின் மாடுகளைத் தின்ற குற்றத்துக்காக மிஞ்சிய ஒரே கப்பலும் போகிறது.

‘ஒடிசி’யின் தொடக்கத்தில் கவிஞர், அவன் தோழர்களைக் காப்பாற்ற எவ்வளவோ முயன்றான், அவர்கள் தங்கள் மடத்தனத்தால் அழிந்தார்கள் என்று வக்காலத்து வாங்குகிறார். மாடு தின்றது கடைசிக் கப்பலில் இருந்தவர்கள் மட்டும்தான். துறைமுகத்தில் நொறுங்கிய 11 கப்பல்காரர்கள் எந்த மாட்டைத் தின்றார்கள்? இந்த இடைவெளி கண்டிப்பாக ஹோமருக்குத் தெரியும். இல்லையென்றால் கடைசிக் காண்டத்தில் அந்தக் கிழவரை அவர் எழுப்பியிருக்க மாட்டார்.

கிழவரின் பெயர் யூபெய்தீஸ். ஒடிசியஸ் தன் வீட்டில் கொன்ற 108 மணம்கேட்பவர்களில் ஒருவனான ஆன்டினோஸின் தந்தை. அவர் சபையில் சொல்வது நேரான குற்றப்பத்திரிகை: கூட்டிப்போன கப்பலையும் தொலைத்தான், ஆட்களையும் தொலைத்தான், திரும்பி வந்து மிச்சமிருந்த நம் பிள்ளைகளையும் கொன்றான். பலர் ஆயுதம் எடுக்கிறார்கள். சண்டையில் யூபெய்தீஸ் சாகிறார். உடனே அதீனா குறுக்கே வந்து சண்டையை நிறுத்த, சமாதானம் ஆகிறது. அவ்வளவுதான், காவியம் முடிந்துவிடுகிறது. கேட்டவரை ஈட்டியால் அடக்கியாயிற்று. கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தெய்வம் வந்து நிறுத்தவில்லையென்றால் அது நின்றிருக்காது என்று மட்டும் தெரிகிறது.

தலைவன் விலை கொடுக்க வேண்டும் என்பது ஹோமரோடு நின்றுவிட்ட எண்ணம் இல்லை. யாருடைய உடலால் விலை கொடுப்பது என்று பிற்காலக் கதைகள் இன்னும் கூர்மையாகக் கேட்கின்றன. ஔலிஸ் துறையில் காற்று சாதகமாக இல்லாமல் படை தேங்கியபோது, அகமெம்னான் தன் மகள் இபிஜீனியாவைப் பலிகொடுத்துக் காற்றை வாங்கினான். கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில், முதியவர்கள் அந்தக் காட்சியை நினைத்து நடுங்குகிறார்கள். ஏதென்ஸின் பழைய அரசன் கோட்ரஸ் கதை இதற்கு நேர் எதிர். அரசனைக் கொல்லாமல் இருந்தால் ஏதென்ஸ் உங்களுக்கு என்று எதிரிகளுக்கு டெல்பியில் குறி கிடைத்திருந்தது. அது தெரிந்த கோட்ரஸ் கந்தல் உடுத்தி, விறகு பொறுக்குபவன்போல் கோட்டைக்கு வெளியே போய், எதிரி வீரர்களோடு வேண்டுமென்றே சண்டை இழுத்துச் செத்தான். செத்தது யார் என்று தெரிந்ததும் எதிரிகள் திரும்பிப் போனார்கள். கி.மு. 330இல் லிகர்கஸ் என்பவர், ஆபத்துக் காலத்தில் ஊரைவிட்டு ஓடிய ஒருவனை நீதிமன்றத்தில் நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னார். ஒருவன் மகளைக் கொடுத்தான், இன்னொருவன் தன்னைக் கொடுத்தான். இருவரும் அரசர்கள்தான்.

சோபோக்ளிஸின் ஈடிபஸ் இதே கணக்கை வேறு மாதிரி தீர்க்கிறான். தீப்ஸ் நகரம் கொள்ளைநோயில் சாகிறது. பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்து விரட்டினால்தான் நோய் தீரும். யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்று ஈடிபஸ் சபையறியச் சபிக்கிறான். விசாரணை அவனை நோக்கியே திரும்புகிறது. குருட்டுக் குறிசொல்பவர் டைரீசியஸ் நிறுத்தச் சொல்கிறார், மனைவி கெஞ்சுகிறாள், கிழட்டு இடையன் பேசவே மறுக்கிறான். நிறுத்த அவனுக்கு அத்தனை வாய்ப்பு. அவன் கேட்டுக்கொண்டே போகிறான். கொலைகாரன் தான்தான் என்று தெரிந்ததும், தான் போட்ட ஆணையிலிருந்து தனக்கு விலக்குக் கேட்கவில்லை. ஊரைவிட்டு என்னைத் துரத்துங்கள் என்கிறான். அகமெம்னான் தன் நோய்க்காலத்தில் ஈடு கேட்டான். ஈடிபஸ் தன்னையே ஈடாக வைத்தான். தப்புச் செய்யாதவன் என்பதால் அவன் பெரியவனாகவில்லை. அவனைவிடப் பெரிய தப்பை யாரும் செய்ததில்லை. ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைக்கவில்லை, அதுதான் விஷயம். சோபோக்ளிஸ் இறந்த பிறகு கி.மு. 401இல் அரங்கேறிய கடைசி நாடகத்தில், அதே ஈடிபஸின் கல்லறை ஏதென்ஸுக்குக் காவலாகிறது. ஆரம்பத்தில் பார்த்த வழிபாட்டு ஹீரோவும் மேய்ப்பனும் அங்கே ஒரே ஆளாகிறார்கள்.

அக்கிலிஸ்? அவன் கோபத்தில் ஒதுங்கியதால் செத்தவர்கள் அவனுடைய சொந்தப் பக்கத்து ஆட்கள். பட்ரோக்ளஸ் செத்த பிறகு, அவனையும் காப்பாற்றவில்லை, மற்ற தோழர்களையும் காப்பாற்றவில்லை, பூமிக்குப் பாரமாகக் கிடந்தேன் என்று தாயிடம் சொல்லி அழுகிறான். அதற்குப் பிறகு வெறிபிடித்துக் கொல்கிறான். அதை நான் தலைமை என்று சொல்லமாட்டேன். ஆனால் 23ஆம் காண்டத்து ஈமச்சடங்குப் போட்டிகளில் வேறொரு அக்கிலிஸைப் பார்க்கிறோம். சண்டை போடுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிறான். ஈட்டி எறிய அகமெம்னான் எழும்போது, நீதான் சிறந்தவன் என்று எல்லாருக்கும் தெரியும் என்று போட்டியே இல்லாமல் பரிசை அவனுக்குக் கொடுத்துவிடுகிறான். ஒரு பரிசுக்காக ஆரம்பித்த சண்டை அது. 24ஆம் காண்டத்தில், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த எதிரி அரசர் பிரியமோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அடக்கத்துக்கு எத்தனை நாள் வேண்டும், அதுவரை படையை நிறுத்திவைக்கிறேன் என்கிறான். 11 நாள் என்கிறார் கிழவர். ‘இலியட்’ முழுவதிலும் ஒரு தலைவன் தன் சக்தியைச் சாவைத் தள்ளிப்போடப் பயன்படுத்தும் அபூர்வமான இடம் அது.

அந்த மாணவியை மறுபடி பார்த்தால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. ஒடிசியஸ் ஹீரோதாம்மா, கிரேக்கர்கள் சொன்ன அர்த்தத்தில். தலைவனா என்பதில்தான் தகராறு. அந்தத் தகராறை மறைக்காமல் கதைக்குள்ளேயே வைத்திருப்பதால்தான் நாம் இன்னும் ஹோமரைப் படிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்வேன். கிகோனியர்களிடம் 72 பேரைப் பறிகொடுத்த அன்று, கப்பல்கள் உடனே கிளம்பவில்லை. செத்த ஒவ்வொருவனையும் மூன்று முறை கூப்பிட்ட பிறகே பாய் விரித்தார்கள் என்கிறார் ஹோமர். அந்தப் பெயர்களை அவர் நமக்குச் சொல்லவில்லை. கப்பல்கள் குறையக் குறைய அந்தக் கூப்பிடுதலும் கதையில் மறுபடி வரவில்லை.